கேனன் 700டியில் மேஜிக் லேண்டர்ன் போட்டால் வீடியோவின் தரம் உண்மையில் கூடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் கேனன் இஓஎஸ் 700டி இருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறீர்கள். சோதனைக்காக எடுத்த காட்சிகளில் நடிகரின் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக வெந்துபோகிறது, நிறத்தைத் திருத்தப் போனால் வெறும் சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. கேனன் கேமராக்களுக்காக வெளியாட்கள் எழுதிய மேஜிக் லேண்டர்ன் என்ற மென்பொருளை நிறுவி, பிட்ரேட்டை (நொடிக்கு எழுதப்படும் தகவலின் அளவை) ஏற்றினால் சினிமாத் தரம் வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, கேமரா கெட்டுப்போகுமா, இதைவிட 700டியை விற்றுவிட்டு செகண்ட் ஹேண்டில் 5டி மார்க் 3 வாங்குவது நல்லதா, வீடியோவோடு ஒலியையும் அதிலேயே பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அடிப்படையான ஐயம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: விலை குறைந்த கேமராவுக்குள் நல்ல படம் ஒன்று ஒளிந்திருக்கிறதா, அதை மென்பொருளால் வெளியே எடுக்க முடியுமா? ஓரளவு ஒளிந்திருக்கிறது, எடுக்கவும் முடியும். ஆனால் நண்பர் சொன்ன வழியில் முடியாது. 5டி மார்க் 2 காலம்தொட்டு இந்த மென்பொருளோடு ஒளிப்பதிவு செய்தும், பிறர் எடுத்துவரும் காட்சிகளுக்கு நிறத்திருத்தம் செய்தும் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேனன் கேமராக்களை நானே கையாண்டிருக்கிறேன். பானாசோனிக் பற்றி நான் கீழே சொல்வது, நிறத்திருத்த மேசைக்கு வந்த காட்சிகளைப் பார்த்துப் பெற்ற அறிவு மட்டுமே.

மேஜிக் லேண்டர்ன் என்பது கேனனின் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவை இயக்கும் உள்மென்பொருளை, அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2009இல் ட்ராமெல் ஹட்சன் என்பவர் 5டி மார்க் 2க்காக இதைத் தொடங்கியபோது அவருடைய தேவை மிகச் சிறியது: ஒலியின் அளவைக் கேமரா தானாகக் கூட்டிக் குறைப்பதை நிறுத்த வேண்டும், ஒலி அளவைத் திரையில் பார்க்க வேண்டும், வெளிச்சம் எங்கே மிகுந்துபோகிறது என்று காட்டும் வரிக்கோடுகள் வேண்டும். அதற்காக அவர் எழுதிய நிரல் மெமரி கார்டிலேயே இருந்தது. கேமரா இயங்கத் தொடங்கும்போது கேனனின் மென்பொருளோடு கூடவே அதுவும் நினைவகத்தில் ஏறி, அதன் பக்கத்திலேயே ஓடியது. இன்றும் அமைப்பு அதுவேதான். நிறுவும்போது கேமராவுக்குள் நிலையாக மாறுவது ஒரே ஒரு சிறு குறி மட்டும்: ‘கார்டில் இயக்கக்கூடிய நிரல் இருக்கிறதா என்று பார்’ என்று கேமராவுக்குச் சொல்லும் குறி. மேஜிக் லேண்டர்ன் இல்லாத சாதாரண கார்டைப் போட்டால் கேமரா பழையபடியே கேனன் கேமராவாக எழுந்துகொள்ளும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆபத்து பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பிட்ரேட். சில கேனன் கேமராக்களில் பிட்ரேட்டை உயர்த்தும் வசதி மேஜிக் லேண்டர்னில் உண்மையிலேயே உண்டு. ஆனால் 700டி வீடியோ எடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால், அதனால் பெரிய பயன் ஏன் இல்லை என்பது விளங்கும். உங்கள் சென்சார் 5184 பிக்சல் அகலமும் 3456 பிக்சல் உயரமும் கொண்டது. வீடியோவுக்காக நொடிக்கு 25 முறை அத்தனையையும் படித்து முடிக்க அந்தக் கேமராவால் ஆகாது. ஆகவே அகலவாக்கில் மூன்று மூன்று பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. உயரவாக்கில் மூன்று வரிக்கு ஒரு வரியை மட்டும் படித்து மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. 5184ஐ மூன்றால் வகுத்தால் 1728. அதாவது ‘ஃபுல் எச்டி’ என்று கேமரா பதிவு செய்யும் 1920 பிக்சல் அகலப் படம், உள்ளே 1728 பிக்சல் அகலமாகப் பிறந்து, பிறகு இழுத்துப் பெரிதாக்கப்பட்டது. அதன்மேல் இரைச்சல் நீக்கம், கூர்மை கூட்டல், மாறுபாடு கூட்டல் எல்லாம் நடந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே கொண்ட 8 பிட் படமாகச் சுருங்கி, நான்கு பிக்சலுக்கு ஒரு முறை மட்டும் நிறத்தகவல் என்ற கணக்கில் மேலும் சுருங்கி, அதற்கப்புறம்தான் கேமராவின் வழக்கமான வீடியோ முறையான எச்.264 சுருக்கத்துக்குப் போகிறது. பிட்ரேட் என்பது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது. நீர் கலந்த பாலைப் பெரிய குடத்தில் ஊற்றினால் பால் கெட்டியாகாது. ஓடும் நீர், அசையும் இலைகள், புகை போன்ற காட்சிகளில் பிட்ரேட் ஏற்றத்தால் சிறு வேறுபாடு தெரியும். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றையும் அது தீர்க்காது. போதாததற்கு, பிட்ரேட்டை அதிகம் ஏற்றினால் கார்டுக்கு எழுதும் வேகம் ஈடுகொடுக்காமல், நடிகர் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருக்கும்போது பதிவு நடுவில் நின்றுபோகும்.

உங்கள் நண்பர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவர் கேட்ட கதை பெரும்பாலும் பானாசோனிக் ஜிஎச்1, ஜிஎச்2 கேமராக்களின் கதையாக இருக்கும். விட்டாலி கிசெலெவ் என்பவர் உருவாக்கிய பிடூல் என்ற கருவியால் அவற்றின் ஃபர்ம்வேர் கோப்பையே திருத்தி, திருத்திய கோப்பைக் கேமராவுக்குள் ஏற்றினார்கள். ஜிஎச்2 தொழிற்சாலையிலிருந்து வரும்போது 24 மெகாபிட் வேகத்தில்தான் வீடியோ எழுதும். திருத்திய பிறகு 100 மெகாபிட்டையும் தாண்டி எழுதியது. அங்கே வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. காரணம், அந்தக் கேமராவின் சென்சாரிலிருந்து வந்த எச்டி படமே நுணுக்கமானது; சுருக்கும் கட்டத்தில்தான் அது நசுங்கிக்கொண்டிருந்தது. இடையூறு எங்கே இருந்ததோ அங்கே கை வைத்தார்கள், பலன் கிடைத்தது. கேனனில் இடையூறு அதற்கு வெகு முன்னதாகவே இருக்கிறது. ஒரு கேமராவில் வெற்றி பெற்ற வைத்தியத்தை இன்னொன்றுக்குச் சொல்லும்போது நேரும் குழப்பம் இது. இன்றைக்கும் இணையத்தில் இந்த இரண்டு கதைகளும் ஒன்றாகக் கலந்தே சுற்றுகின்றன.

கேனனில் உண்மையான மாற்றம் 2013 மே மாதத்தில் வந்தது. சென்சாரிலிருந்து படிக்கப்பட்ட தகவல், நான் மேலே சொன்ன சமையல் எதுவும் தொடங்குவதற்கு முன்னால், ஒரு கணம் கேமராவின் நினைவகத்தில் 14 பிட் ரா வடிவில், அதாவது சென்சார் படித்தபடியே எந்தத் திருத்தமும் ஆகாத தகவலாக, தங்குகிறது. லைவ் வியூ திரையில் நீங்கள் பார்க்கும் படம் அதிலிருந்துதான் உருவாகிறது. அந்தத் தகவலை அப்படியே வேகமாக எடுத்துக் கார்டில் எழுத முடியும் என்று மேஜிக் லேண்டர்ன் குழுவினர் 5டி மார்க் 3இல் செய்து காட்டினார்கள். புகைப்படத்தில் ரா கோப்புக்கும் ஜேபெக்குக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், வீடியோவில் இதனால் என்ன கிடைக்கிறது என்று நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மூன்று குறைகளையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகம் மெழுகாவது இரைச்சல் நீக்கத்தாலும் சுருக்கத்தாலும். ராவில் அவை இரண்டும் இல்லை. சுவரில் பட்டை விழுவது 256 படிகளை இழுத்து நீட்டுவதால்; ராவில் நீட்ட இடம் இருக்கிறது. ஜன்னல் வெந்துபோவதில் ஒரு பகுதி சென்சாரின் எல்லை, இன்னொரு பகுதி கேனனின் மாறுபாட்டு வளைவு. ராவில் இரண்டாவது பகுதி மட்டும் உங்கள் கைக்குத் திரும்பக் கிடைக்கிறது. அண்மையில் 700டியில் எடுக்கப்பட்ட ஒரு காட்சியை நிறம் திருத்தினேன். பழைய வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய அறை, ஜன்னலுக்கு எதிரில் வயதான பெண்மணி ஒருவர் அமர்ந்திருக்கிறார், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். அதே இடத்தை எச்.264இலும் ராவிலும் எடுத்திருந்தார்கள். எச்.264இல் ஜன்னல் கம்பிகளின் ஓரங்கள் வெண்மையில் கரைந்திருந்தன. நிழல் விழுந்த கன்னத்தை ஒரு படி ஏற்றியவுடன் தோலின் மேல் சிறு சிறு சதுரங்கள் எழுந்தன. ராவில் கம்பிகள் கம்பிகளாக இருந்தன, எதிர் வீட்டுச் சுவரின் காவி நிறம் திரும்பக் கிடைத்தது, கன்னத்தில் சதுரங்களுக்குப் பதிலாக மணல்போன்ற இரைச்சல் தெரிந்தது, அந்த மணலுக்குக் கீழே தோலின் சுருக்கங்கள் அப்படியே இருந்தன. ஆனால் வானம் அங்கேயும் வெள்ளைதான். ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு) அளவுக்கு வெளிச்சம் மீண்டும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குமேல் எதிர்பார்த்து ஒளியமைப்பில் மெத்தனம் காட்ட வேண்டாம்.

இதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1728க்கு 972 பிக்சல், 14 பிட், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 70 மெகாபைட் எழுத வேண்டும். 700டியின் கார்டு வழி நொடிக்கு 40 மெகாபைட் அளவில் நின்றுவிடும். கார்டின் மேல் 170 என்று அச்சிட்டிருந்தாலும் கேமராவின் எல்லை அதுதான். ஆகவே மிக விலை உயர்ந்த கார்டு வாங்குவதில் பொருளில்லை. தொடக்க ஆண்டுகளில் இந்த வகைக் கேமராக்களில் சில நொடிகள் எடுத்ததும் பதிவு நின்றுவிடும். பிற்பாடு 12 பிட், 10 பிட் பதிவும், தகவல் இழப்பில்லாத சுருக்கமும் வந்த பிறகுதான் 700டி நடைமுறைக்கு உகந்த ரா கேமராவானது. 10 பிட்டில் அதே அளவு நொடிக்கு 50 மெகாபைட். இழப்பில்லாத சுருக்கத்தோடு சேர்ந்தால் 40க்குள் வசதியாக அடங்கிவிடும், பதிவும் நிற்காமல் ஓடும். இந்தச் சென்சாரில் கடைசிச் சில பிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் இரைச்சலே என்பதால், 14இலிருந்து 10க்கு இறங்குவதில் நீங்கள் இழப்பது ஆழ்ந்த நிழல்களில் மட்டும் கொஞ்சம் தெரியும். 14 பிட்டில் 16,384 படிகள் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அத்தனை படிகளிலும் படம் இருப்பதில்லை.

ரா தீர்க்காத குறைகளையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அங்கேதான் வருகிறது. மூன்று வரிக்கு ஒரு வரி படிப்பது சென்சாரின் இயக்கம். ராவிலும் அது அப்படியே தொடரும். ஆகவே ஓட்டுக் கூரை, இரும்பு ஷட்டர், நுண்கட்டம் போட்ட சட்டை, ஜரிகை நெருக்கமாக ஓடும் பட்டுப்புடவை இவற்றில் வரும் நெளிநெளியான வண்ணக் கோலங்கள் குறையாது. கூர்மை கூடுவதால் சில நேரம் இன்னும் எடுப்பாகவே தெரியும். உடைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே கேமராவில் பார்த்துவிடுவதுதான் இதற்கு மருந்து. கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாயும் ரோலிங் ஷட்டர் குறையிலும் மாற்றமில்லை. குறைந்த வெளிச்சத்தில் சென்சாரின் இரைச்சலும் அதேதான். கேனன் மறைத்துக்கொண்டிருந்ததை இப்போது நீங்கள் நேரில் பார்ப்பீர்கள், நல்ல மென்பொருளால் உங்களுக்கு வேண்டிய அளவு நீக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 700டிக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு: தானியங்கி ஃபோகஸுக்காகச் சென்சாரில் பதித்துள்ள பிக்சல்கள் ரா படத்தில் புள்ளிகளாக வந்து நிற்கும். எம்எல்வி ஆப் என்ற இலவச மென்பொருள் அந்தப் புள்ளிகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவற்றை நிரப்பிவிடுகிறது. பெரும்பாலும் சுத்தமாகப் போய்விடும், மெல்லிய கோடுகள் உள்ள இடங்களில் மட்டும் சில சமயம் மிச்சம் தெரியும்.

லைவ் வியூவை ஐந்து மடங்கு பெரிதாக்கி, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் ஒரு பிக்சல்கூட விடாமல் படிக்கும் முறையும் உண்டு. அதில் 2500 பிக்சல் அகலத்துக்கு அசல் நுணுக்கம் கிடைக்கும், வண்ணக் கோலங்களும் போய்விடும். படத்தைப் பார்த்தால் 700டியில் எடுத்தது என்று நம்பவே தோன்றாது. ஆனால் காட்சியின் அகலம் பாதியாகிவிடுவதால் சிறிய அறைகளில் கேமராவை வைக்க இடம் இருக்காது, திரையில் சரியான ஃபிரேமும் தெரியாது. முகத்தின் அண்மைக் காட்சிகள் சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ரா பற்றிய ஆரவாரத்தில் அதைப் பலரும் கவனிப்பதேயில்லை. மேஜிக் லேண்டர்ன் திரையில் காட்டும் துணைக்கருவிகள்தான் சாதாரண எச்.264 படத்தின் தரத்தையே மிக அதிகமாக உயர்த்துகின்றன. வெளிச்சம் மிகும் இடங்களில் வரிக்கோடு போடும் ஜீப்ரா, வெளிச்சத்தின் அளவை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபால்ஸ் கலர், வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம், வேவ்ஃபார்ம், ஃபோகஸ் இருக்கும் ஓரங்களில் புள்ளியிட்டுக் காட்டும் பீக்கிங், வொயிட் பேலன்ஸைக் கெல்வின் எண்ணாலேயே அமைக்கும் வசதி, இவையெல்லாம் பெரிய கேமராக்களில் பணம் கொடுத்துப் பெற வேண்டியவை. குறும்படங்களில் நான் பார்க்கும் மோசமான காட்சிகளில் பெரும்பாலானவை கோடெக்கால், அதாவது சுருக்கும் முறையால், கெட்டவை அல்ல. ஃபோகஸ் மூக்கில் இல்லாமல் காதில் இருக்கும். முகம் ஒன்றரை ஸ்டாப் இருட்டாக எடுக்கப்பட்டு, பிறகு ஏற்றப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஷாட்டிலும் வொயிட் பேலன்ஸ் வேறாக இருக்கும். ஃபால்ஸ் கலரைப் பார்த்து முகத்தின் வெளிச்சத்தை ஷாட்டுக்கு ஷாட் ஒன்றாக வைத்துக்கொண்டு, மாறுபாட்டைக் குறைத்த பிக்சர் ஸ்டைலில், கூர்மையைப் பூஜ்யத்துக்கு இறக்கி எடுத்தால், நிறத்திருத்தத்துக்கு வரும்போது எச்.264இலேயே எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வியப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தாலே டியூப் லைட் துடிப்பில் பெரும்பகுதி அடங்கிவிடும். மலிவான எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேமரா கெட்டுப்போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மேஜிக் லேண்டர்ன் கேனனின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதுவதில்லை என்பதால், பானாசோனிக் முறையில் உள்ள ‘நடுவில் மின்சாரம் போனால் கேமரா செத்தது’ என்ற அபாயம் இதில் மிகக் குறைவு. அதே சமயம் கேனன் இதை அங்கீகரிக்கவில்லை. எழுதியவர்களும் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 2013இல் வெளிவந்த உங்கள் கேமராவுக்கு வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும் என்பதால் அந்தக் கவலை இப்போது இல்லை. நான் பார்த்தவரை மக்கள் பதறிப்போவது மூன்று இடங்களில். முதலாவது, கேமராவின் ஃபர்ம்வேர் பதிப்பும் மேஜிக் லேண்டர்னின் பதிப்பும் பொருந்தாமல் இருப்பது, 700டிக்கு 1.1.5, 5டி மார்க் 3க்கு 1.1.3 அல்லது 1.2.3 என்று ஒவ்வொரு கேமராவுக்கும் குறிப்பிட்ட பதிப்பு உண்டு. இரண்டாவது, கார்டில் ‘இயக்கக்கூடியது’ என்ற அடையாளம் இருந்து, உள்ளே இருக்க வேண்டிய நிரல் கோப்பு அழிந்துபோயிருந்தால் கேமரா எழுந்திருக்கவே மாட்டேன் என்று அப்படியே நின்றுவிடும். பார்ப்பவருக்கு உயிர் போய்விட்டதுபோல் தோன்றும். பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்துவிட்டு வேறு கார்டைப் போட்டால் சரியாகிவிடும். மூன்றாவது, கார்டு மூடியைத் திறப்பதில் அவசரம்; கேமராவை அணைத்து, சிவப்பு விளக்கு முழுவதும் அணைந்த பிறகே திறக்க வேண்டும். இவற்றோடு, தொடர்ந்து லைவ் வியூவும் துணைக்கருவிகளும் ஓடுவதால் பேட்டரி வேகமாகத் தீரும். மூன்று நான்கு எல்பி-இ8 பேட்டரிகள் இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. கார்டு வழியின் வேகத்தை விதித்த அளவுக்கு மேல் முடுக்கும் ஒரு துணைநிரல் இருக்கிறது. அதைக் கொண்டு 700டியில் பெரிய ஃபிரேம்களைப் பதிவு செய்வோர் உண்டு, அவர்கள் காட்டும் படங்களும் உண்மையானவையே. ஆனால் அது கேமராவை வடிவமைத்தவர்கள் விதித்த எல்லைக்கு வெளியே ஓட்டுவது. ஒரு கார்டில் நன்றாக ஓடுவது இன்னொரு கார்டில் கோப்பைச் சிதைக்கும், நீண்ட காலத்தில் கருவிக்கு என்ன ஆகும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. சொந்தப் பரிசோதனைக்குச் சரி. நடிகர்களையும் இடத்தையும் ஒருநாள் மட்டும் பிடித்துவைத்திருக்கும் படப்பிடிப்பில் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன். இரண்டாவது டூயல் ஐஎஸ்ஓ. 2013 ஜூலையில் வெளியான இந்த முறையில் சென்சாரின் வரிகளில் இரண்டு வரி ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100இலும் அடுத்த இரண்டு வரி 1600இலும் மாறி மாறிப் படிக்கப்பட்டு, பிறகு கணினியில் ஒன்றாக்கப்படும். புகைப்படத்தில் இது அருமையான கண்டுபிடிப்பு. 5டி மார்க் 3இல் வெளிச்ச வீச்சை மூன்று ஸ்டாப் அளவுக்கு நீட்டிக் காட்டியது. வீடியோவில், அதுவும் ஏற்கெனவே வரிகளை விட்டுவிட்டுப் படிக்கும் 700டியில், மிகு வெளிச்சத்திலும் ஆழ்நிழலிலும் மிச்சமிருக்கும் வரிகளில் பாதிதான் பயன்படும் என்பதால் ஓரங்கள் படிக்கட்டு படிக்கட்டாக நடுங்கும். உங்கள் ஜன்னல் பிரச்சினைக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் இருப்பார்கள். ஜன்னலின் வெளிப்புறத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுவது அதைவிட நல்ல படத்தைத் தரும் என்பது என் அபிப்பிராயம்.

5டி மார்க் 3 வாங்கலாமா என்றால், ரா வீடியோ என்ற ஒரே நோக்கில் பார்க்கும்போது அது 700டியைவிட வெகு தூரம் மேலானது. அதன் சென்சார் 5760 பிக்சல் அகலம். மூன்றால் வகுத்தால் மிகச் சரியாக 1920 வருகிறது. வரிகளை விட்டுவிடாமல் அகலத்திலும் உயரத்திலும் சேர்த்துப் படிப்பதால் வண்ணக் கோலங்கள் அநேகமாக இல்லை. வேகமான சிஎஃப் (காம்பேக்ட் ஃபிளாஷ்) கார்டில் நொடிக்கு 90 மெகாபைட்டைச் சற்றே தாண்டி எழுதும் என்பதால், 14 பிட் முழு எச்டிக்கு 24 ஃபிரேமில் வேண்டிய 87 மெகாபைட்டை நூலிழையில் எட்டிவிடுகிறது. திரையில் உள்ள துணைக்கருவிகளைப் பதிவின்போது அணைத்துவைத்தால் அந்த நூலிழை கொஞ்சம் தடிக்கும். அதில் எடுத்த ரா படத்தின் தோல் நிறத்தை இன்றைக்கும் நான் விரும்பித் திருத்துகிறேன். ஆனால் கோப்புகளின் அளவைப் பாருங்கள்: அதே கேமரா ஐபிபி என்ற தன் சாதாரணச் சுருக்க முறையில் நிமிடத்துக்கு 235 மெகாபைட் எழுதும், ராவில் நிமிடத்துக்கு 5.2 ஜிபி. பதினைந்து நிமிடப் படத்துக்கு ஆறு மடங்கு எடுப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், 90 நிமிடக் காட்சிக்கு 470 ஜிபி, பாதுகாப்புக்காக இரண்டு பிரதி வைத்தால் ஒரு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. கார்டு நிறைய நிறைய, படப்பிடிப்பிடத்திலேயே லேப்டாப்பில் இறக்கிச் சரிபார்க்க ஒருவர் தனியாக உட்கார வேண்டும். எடிட்டிங்குக்கு முன் எல்லாவற்றையும் எம்எல்வி ஆப் வழியாக சினிமா டிஎன்ஜி அல்லது ப்ரோரெஸ் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படத்தில் இந்த ஒருவர் யார் என்று இப்போதே பெயர் சொல்ல முடியவில்லையென்றால் ரா எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. மேலும், செகண்ட் ஹேண்டில் பணம் போடத்தான் போகிறீர்கள் என்றால், 2017இல் வந்த பானாசோனிக் ஜிஎச்5 4கே படத்தை 10 பிட், 4:2:2 (இரண்டு பிக்சலுக்கு ஒரு முறை நிறத்தகவல்) என்ற அளவில் எந்தத் திருத்தமும் இல்லாமல் சாதாரணக் கார்டில் எழுதிக்கொடுக்கிறது. 2013இல் நாங்கள் ராவைத் தேடி ஓடியதற்கு, அந்த விலையில் வேறு வழி இல்லாததும் ஒரு காரணம். இன்று வழி இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் 5டியின் முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாருக்கு ஜிஎச்5 ஈடாகாது என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

ஆகவே உங்கள் குறும்படத்துக்கு நான் சொல்வது: புது கேமரா வாங்காதீர்கள், 700டியில் மேஜிக் லேண்டர்னை நிறுவுங்கள், படத்தின் பெரும்பகுதியைத் துணைக்கருவிகளின் உதவியோடு எச்.264இலேயே எடுங்கள், பிட்ரேட்டைத் தொடவேண்டாம். நிறத்திருத்தம் அதிகம் தேவைப்படும் ஜன்னலோரக் காட்சியையும், மாலை வெளிச்சக் காட்சி ஏதும் இருந்தால் அதையும் 10 பிட் இழப்பில்லாத ராவில் எடுங்கள். ஒரே காட்சிக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். கூர்மையும் இரைச்சலும் ஷாட்டுக்கு ஷாட் மாறுவது கண்ணுக்கு உறுத்தும். படப்பிடிப்புக்கு முந்தைய வாரத்தில், அதே அறையில், அதே நேரத்தில், அதே உடையில் ஒருவரை உட்காரவைத்து இரண்டு முறைகளிலும் எடுத்து, எடிட்டிங் வரை முழுப் பாதையையும் ஒருமுறை நடந்து பாருங்கள். நொடிக்கு எத்தனை மெகாபைட் எழுதுகிறது, பதிவு நிற்காமல் ஓடுமா என்பதை ரா மெனுவே காட்டும். 64 ஜிபி கார்டில், வேகம் 40 மெகாபைட்டைத் தொட்டாலும்கூட, 26 நிமிடம் எடுக்கலாம். கார்டு வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உண்டு. வாங்கியவுடன் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்த பிறகே படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாகக் கேட்டிருந்த ஒலி பற்றி: ரா பதிவோடு ஒலியையும் சேர்த்து எழுதும் துணைநிரல் உண்டு, ஒலியின் தானியங்கி அளவையும் நிறுத்திவிடலாம். ஆனால் கேமராவின் உள்ளே மைக்கின் ஒலியைப் பெருக்கும் மின்சுற்றின் இரைச்சலை எந்த மென்பொருளும் மாற்றாது. அந்த ஒலியை ஒத்திசைவுக்கான வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, வசனத்தைத் தனி ரெக்கார்டரில், நடிகருக்கு அருகில் பிடித்த மைக்கில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கிளாப் அடிக்க மறக்காதீர்கள்.